மேலிருந்து பார்த்தால் தெரியுமா?

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் சாமான் கிடங்குக்கு மேலால் வாரத்தில் ஒரு தடவையாவது மஞ்சள் நிற ஹெலிகொப்டர் ஒன்று போகும். எங்கேயோ ஒரு கமக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார், அல்லது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வளைவில் திரும்ப மறந்திருப்பார். அவரைக் காப்பாற்ற டொக்டரை ஏற்றிக்கொண்டு அது பறக்கும். சத்தம் கேட்டதும் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரர் எல்லாரும் சாப்பாட்டு அறையிலிருந்து கையில் பாணோடு வெளியே வந்துவிடுவார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். சிலர் கையசைப்பார்கள். ஓய்வு பெற இரண்டே வருடம் மீதமுள்ள பெரிய மனிதர்கள் முற்றத்தின் நடுவில் நின்று ஹெலிக்குக் கை காட்டுவதை முதன்முதல் கண்டபோது இந்த நாட்டு மக்களின் மூளை பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் ஹெலிச் சத்தம் கேட்டால் வெளியே நிற்பவர்கள் உள்ளே ஓடுவார்கள். இங்கே உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவருகிறார்கள்.

நானும் வெளியே வருவேன், வராவிட்டால் கேள்வி வரும். ஆனால் முற்றத்துக்குப் போகமாட்டேன். பலகைத் தட்டுகள் அடுக்கியிருக்கும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்பேன். இருபத்தாறு வருடங்களாக எனக்குப் பக்கத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டும் ஹென்னிங் ஒருநாள் கேட்டுவிட்டார், ஏன் எப்போதும் அந்தச் சுவரடியில் நிற்கிறாய் என்று. காதுக்குள் காற்றுப் போனால் எனக்கு ஒத்துவராது என்று சொன்னேன். அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு அவர் எனக்குக் காது மூடும் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கித் தந்தார். டேனிஷ்காரரிடம் பொய் சொல்வதில் உள்ள கஷ்டம் இதுதான். நம்பிவிடுவார்கள். நம்புவதோடு நிற்காமல் உதவியும் செய்வார்கள். நானும் அன்றிலிருந்து ஆனி மாதத்திலும் அந்தத் தொப்பியைப் பையில் கொண்டு திரிகிறேன்.

இப்படிப்பட்ட எனக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பரிசு என்றால் சங்கிலி, சேலை, சுவர்மணிக்கூடு, ஒன்றும் தோன்றாவிட்டால் என்வலப். டேனிஷ்காரர் அப்படியில்லை. அவர்களிடம் எல்லாப் பொருளும் இருப்பதால் ஒருவருக்கொருவர் அனுபவத்தைக் கொடுக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட ஒரு காவகோர்ட், விமானத்திலிருந்து குதிக்க ஒரு காவகோர்ட், பனித் தண்ணீருக்குள் கழுத்துவரை இருந்து நடுங்க ஒரு காவகோர்ட். காவகோர்ட் என்பது அன்பளிப்பு அட்டை. அதைக் காட்டினால் உங்களைப் பத்திரமாகப் பயமுறுத்திவிட்டு, முடிவில் கோப்பி தந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களிடம் அனுபவம் தாராளமாக இருந்தது, பொருள்தான் இருக்கவில்லை. என் மகள் நிவேதா இங்கே பிறந்தவள். அவளிடம் பொருள் இருக்கிறது. ஆகவே எனக்கு அனுபவம் இல்லை என்று நினைத்துவிட்டாள்.

மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தாள். கேக்கில் டேனிஷ் கொடி குத்தியிருந்தது. அவளுடைய கணவன் யோனஸ், ஓகூஸ் பக்கத்தில் பிறந்த நல்ல பிள்ளை, டேனிஷ்காரர் வழக்கப்படி என்னைப் பற்றிப் பாட்டு ஒன்று எழுதி, கடதாசியில் அடித்து எல்லாருக்கும் கொடுத்தான். நான் பனியைக் கண்டு பயந்தது, சைக்கிளில் விழுந்தது எல்லாம் எதுகை மோனையோடு வந்தன. எங்கள் சபைச் சகோதரர்கள் டேனிஷ் பாட்டை ஜெபப் பாட்டின் குரலில் இழுத்துப் பாடினார்கள். பிறகு நிவேதா என் கையில் ஒரு அட்டையைத் தந்தாள். திறந்தேன். மேலே எரிமலை, அதற்கு மேலே ஒரு ஹெலிகொப்டர். ஐஸ்லாந்துக்குப் போய், தீக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலையை ஹெலியிலிருந்து பார்க்கிறோமாம். குடும்பமாக நாலு பேர்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்ததை நான் கண்ணால் கண்டேன். முப்பதுக்குக் கீழே இருந்தவர்கள் விசிலடித்தார்கள். டேனிஷ்காரர் "ஹோல் டா ஒப்!" என்று வாயைப் பிளந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய எங்கள் ஆட்கள் மட்டும் மெதுவாகத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். விபோர்க்கிலிருந்து வந்திருந்த சபைச் சகோதரர் ஒருவர் என் காதுக்குக் குனிந்தார். "அண்ணை, நரகத்துக்குப் போகாமல் இருக்கத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வாறம். நீங்கள் என்னெண்டால் ரிக்கற் எடுத்தெல்லோ போறியள்." நான் சிரித்தேன். என் மனைவி ராஜியும் சிரித்தாள். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததை நான் கண்டேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என் பாடே பெரிதாக இருந்தது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் அவளிடம் எங்கள் நாட்டு யுத்தத்தை ஒரே சொல்லில் சொல்லி முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் குடும்பக் கதை எழுதிவரச் சொன்னபோது "க்ரி" என்றேன், டேனிஷில் யுத்தம். அவள் அதை எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் கீறிக்கொண்டு போனாள். அதற்கு முன்பு, அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, பாலர் பள்ளி மைதானத்துக்கு மேலால் ஒரு ஹெலி தாழ்வாகப் போனது. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் துள்ளித் துள்ளிக் கையசைத்தாள். என் கால் தானாகச் சுவரைத் தேடியது. கையை மட்டும் பிடித்து இழுத்து உயர்த்தி நானும் அசைத்தேன். இந்த நாட்டில் நான் வீடு வாங்கியிருக்கிறேன், மொழி படித்திருக்கிறேன், பன்றி இறைச்சி வாசத்துக்குப் பழகியிருக்கிறேன். என்னைக் கேட்டால், என் பிள்ளை வானத்தைப் பார்த்துக் கையசைத்ததுதான் நான் இங்கே செய்த ஒரே உருப்படியான காரியம். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. போவதென்று முடிவெடுத்தேன்.

போக முன்பு ஊரிலிருக்கும் என் அக்காவோடு வாட்ஸ்அப்பில் கதைத்தேன். வடமராட்சியில் தனியாக இருக்கிறா. பிள்ளைகள் இரண்டும் கனடாவில். சொன்னதும் முதலில் ஒரு பாட்டம் சிரித்தா.

"டேய் தம்பி, காசு குடுத்தே ஏறப்போறாய்? எங்களிட்ட சும்மாவெல்லோ வந்தவங்கள்."

"பிள்ளை ஆசையாய்த் தந்தது அக்கா. என்ன செய்யிறது?"

"போ, போ. போயிட்டு வா." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா. "தம்பி, ஏறினால் எனக்கு ஒண்டை மட்டும் பாத்துச் சொல்லு. மேல இருந்து பாத்தா கீழ நிக்கிற ஆக்களை வடிவாத் தெரியுமோ?"

இந்தக் கேள்வியை அக்கா யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வராதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன். அக்காவின் கணவர், என் அத்தான், தபால் கந்தோரில் வேலை செய்தவர். அரசாங்க உத்தியோகம் என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. முத்திரை குத்தும் கைக்கு ஒரு பாதுகாப்பு இருப்பதாக உண்மையாகவே நினைத்தார். எனக்கு இருபத்தொரு வயது. நாங்கள் இருவரும் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது வெளியான இடத்தில் ராணுவத்தின் ஹெலி வந்துவிட்டது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு வடலிப் பனைகளுக்குள் பாய்ந்து குப்புறப் படுத்தேன். அத்தான் பாயவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார், அவ்வளவு ஒழுங்கு. "ஓடினால்தான் சுடுவாங்கள். நிண்டு காட்டினால் சுடமாட்டாங்கள்" என்று எனக்குச் சொன்னார். தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே ஆட்டினார். ஹெலி ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றும் சுற்றியது. அவர் ஆட்டிக்கொண்டே நின்றார். மூன்றாவது சுற்றில் சுட்டார்கள்.

செத்தவீட்டில் அக்கா என்னைப் பிடித்து உலுப்பினா. வெள்ளைத் துணியைக் கண்டும் ஏன் சுட்டவங்கள், ஏன் சுட்டவங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டா. நான் சொன்னேன்: "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது அக்கா. அவ்வளவு உயரத்தில இருந்து பாத்தா எறும்பு மாதிரித்தான். வெள்ளை எது, கறுப்பு எது எண்டு தெரியாது." அதுவரை நான் மொட்டை மாடியில்கூட ஏறியவன் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டா. தெரியாமல் நடந்தது என்றால் அது விபத்து. விபத்தில் கணவனை இழந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்த வசனத்தை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தா, பென்ஷனுக்கு அதே அரசாங்கக் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றா, யாரையும் வாய்விட்டுத் திட்டாமல் இத்தனை வருடம் கிடந்தா. காலம் போகப் போக நானும் அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஐஸ்லாந்துக்குப் பில்லுண்டிலிருந்து பறந்தோம். ஒருகாலம் அந்த நாட்டை ஆண்டது டென்மார்க். அதனால் டேனிஷ்காரருக்கு அங்கே போகும்போது பழைய வளவைப் பார்க்கப் போகும் நடை ஒன்று வந்துவிடும். யோனஸும் கடைகளில் டேனிஷில் பேச ஆரம்பித்தான். எல்லாரும் இங்கிலிஷில் பதில் சொன்னார்கள். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக நான் டேனிஷில் பேசி இங்கிலிஷில் பதில் வாங்கிக்கொண்டிருப்பவன். அவனுடைய தோளைத் தட்டி, பழகிவிடும் என்று சொன்னேன். ஊர் முழுக்க எரிமலையை விற்றார்கள். எரிமலைச் சவர்க்காரம், எரிமலை உப்பு, எரிமலைக் காலுறை. தங்கள் மண் வெடித்துத் தெருவையும் வீட்டையும் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் போத்தலில் அடைத்து விற்கும் சாமர்த்தியம் எங்களுக்கு இருந்திருந்தால் நாங்கள் ஏன் அகதியாய் வந்திருக்கப் போகிறோம்!

ஹெலி புறப்படும் இடத்தில் சிறிய கொட்டகை போன்ற ஒரு கந்தோர். உள்ளே போனதும் ஒரு இளம்பெண் எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏறச் சொன்னாள். யார் எங்கே இருப்பது என்பதைப் பாரத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்களாம். நிவேதா எல்லாருடைய நிறையையும் முன்கூட்டியே கேட்டு எழுதி அனுப்பியிருந்தாள். ராஜி கொடுத்தது அறுபத்திரண்டு கிலோ. எங்கள் ஆட்களுக்கு நிறை விஷயத்தில் ஒரு தனி நியாயம் உண்டு. விமான நிலையத்தில் பெட்டி கூடிவிட்டால் மூன்று கோட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பொக்கற்றுக்குள் அரைக் கிலோ மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டு, முகத்தை மெலிய வைத்துக்கொண்டு நடப்போம். ஆளை நிறுக்கமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் எங்கள் குடும்பங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு முதல் அடி ஐஸ்லாந்தில் விழுந்தது.

ராஜி குளிர் ஜக்கெற்றோடு தராசில் ஏறினாள். அந்தப் பெண் எண்ணைப் பார்த்தாள், ராஜியைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். நாகரிகமான பிள்ளை. வாயால் சொல்லாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜக்கெற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ராஜி ஒவ்வொரு பொக்கற்றாகத் திறந்தாள். முதலில் ஒரு பை மீன் கட்லட் வந்தது. பிறகு ரோல்ஸ், ஈயத்தாளில் சுற்றியபடி. பிறகு தேத்தண்ணிப் போத்தல் ஒன்று. பிறகு இன்னொன்று. எங்களோடு பறக்கவிருந்த ஜெர்மன் தம்பதி ஒன்று ஏதோ வித்தை பார்ப்பதுபோல் கிட்டே வந்து நின்றது. எல்லாவற்றையும் மேசையில் வைத்த பிறகும் கணக்குச் சரிவரவில்லை. ஒருவர் நின்றால்தான் ஹெலி எழும்பும் என்றாள் அந்தப் பெண். பின்னேரம் மழை வரப்போவதால் அடுத்த பயணமும் இல்லை.

என் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. கடவுள் இருக்கிறார், அதுவும் கட்லட் வடிவில் வருகிறார் என்று நினைத்தேன். தியாகி முகம் ஒன்றைத் தயார்செய்து, நான் நிற்கிறேன், நீங்கள் இளசுகள் போய்வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் நிக்கிறன்" என்றாள் ராஜி. சொல்லிக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள் போங்கோ. உங்கட பிறந்தநாளெல்லோ."

"இல்லை, நீர் போம். நான்..."

"ஃபார், இது உங்களுக்குத் தந்த பரிசு!" என்று நிவேதா டேனிஷும் தமிழும் கலந்து சத்தம் போட்டாள். ஃபார் என்றால் டேனிஷில் அப்பா. கண் கலங்கியிருந்தது. யோனஸ் என் தோளில் கை வைத்தான். ராஜி கட்லட்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடக் காலமெல்லாம் பங்கருக்குள் இருந்து சோதனைக்குப் படித்தவள் அவள். எனக்கிருக்கும் பயம் அவளுக்கும் இருக்குமென்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. வெளியே போகும் கதவு ஒன்றுதான் இருந்தது, அவள் எனக்கு முன்பே அதால் போய்விட்டாள்.

ஹெலி ஓட்டியவர் பெயர் குன்னர். தாடிக்காரர். பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்த டேனிஷை என்னோடு பேசினார். அவர் டேனிஷும் என் டேனிஷும் இரண்டுமே அந்நியர் டேனிஷ், ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்துப் பேசுவது. எங்களுக்குள் ஒரு குழப்பமும் வரவில்லை. யோனஸ்தான் பக்கத்தில் நின்று "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். குன்னர் விதிகளைச் சொன்னார்: வாலின் பக்கம் போகக்கூடாது, முன்பக்கமாக வரவேண்டும், குனிந்து வரவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும், தான் கை காட்டும்வரை அசையக்கூடாது. விசிறி சுழலத் தொடங்கியதும் ஜெர்மன்காரர் தொப்பியைப் பறக்கவிட்டு அதன் பின்னால் ஓடினார். யோனஸ் நிமிர்ந்து நடந்தான். நான் தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து, தலையை உள்ளிழுத்து, விசிறியின் பக்கம் ஒருமுறைகூட நிமிராமல் போய்ச் சேர்ந்தேன். என் முதுகெலும்பு இதை மறக்கவே இல்லை.

குன்னருக்கு என்னைப் பிடித்துவிட்டது. "உங்களுக்கு ஹெலிகொப்டர் பழக்கமா?"

"ஓம், நிறையத் தடவை."

"எங்கே?"

"இலங்கையில்."

"அழகான நாடு! திமிங்கிலம் பார்க்கவா?"

"இல்லை. நாங்கள் எங்கும் போவதில்லை. அவர்கள்தான் எங்களைப் பார்க்க வருவார்கள்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல நகைச்சுவை உள்ளவர் என்று சொல்லி, எல்லாரும் ஆசைப்பட்ட முன் இருக்கையில், தனக்குப் பக்கத்தில் என்னை ஏற்றிவிட்டார். காலடியிலும் கண்ணாடி. காதுக்குப் பெரிய கேட்கும் கருவி மாட்டினார்கள். மாட்டியதும் ஹெலியின் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் பாட்டு வந்தது. ஏதோ வயலின். நான் கருவியை ஒருமுறை விலக்கிப் பார்த்தேன், அதே சத்தம். நான் வடலிக்குள் கேட்ட, எத்தனையோ காலம் நித்திரையில் கேட்ட அதே சத்தம். மாட்டினேன், வயலின். அந்தச் சத்தம் கீழே நிற்பவர்களுக்கு மட்டும்தான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

எரிமலை பற்றியும் சொல்லத்தான் வேண்டும், அதைப் பார்க்கத்தானே போனோம். கறுத்த நிலம் மைல் கணக்காகக் கிடந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. இறைச்சிக் கறி கொதிக்கும்போது நடுவில் மட்டும் குமிழி வந்து உடையுமே, அப்படிச் சிவப்பாகப் பொங்கிப் பொங்கி உடைந்தது. விளிம்பால் வழிந்து, வழிந்தபடியே கறுத்துப்போனது. காற்று புகையையெல்லாம் கடல் பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. ஒரு மறைப்பும் இல்லாத பகல். பின்னாலிருந்து நிவேதா "ஹோல் டா ஒப், ஃபார்! பாருங்கோ!" என்று கத்தினாள். பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நல்ல ஆச்சரியம்தான். ஐந்து நிமிடம் நான் என் பயத்தை மறந்து, வாயைத் திறந்துகொண்டு, காவகோர்ட் தந்த அனுபவத்தை அசல் டேனிஷ்காரனாக அனுபவித்தேன்.

பிறகு குன்னர் ஹெலியை ஒரு பக்கமாகச் சரித்துத் திருப்பினார். எதிரே ஒரு மேடு. அதில் நடந்து வந்து எரிமலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். என் காலடிக் கண்ணாடிக்குக் கீழால் அவர்கள் வந்தார்கள். சிவப்பு முதுகுப்பை போட்ட ஒரு பெண் போத்தலிலிருந்து கோப்பைக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குழந்தை தகப்பனின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் நொண்டினார், வலது கால். ஓரமாக ஒரு வயதான மனிதர், வெள்ளை நிற மழைக்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து எங்களைப் பார்த்து ஆட்டினார். வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தது. அவர் சிரிப்பதுகூடத் தெரிந்தது.

"இவ்வளவு உயரத்திலிருந்து ஆட்களைத் தெரிகிறதா உங்களுக்கு?" என்று குன்னரைக் கேட்டேன்.

நான் அவர்களுக்காகக் கவலைப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். "பயப்படாதீர்கள். ஒவ்வொருவரையும் தெரியும். எங்கள் காற்று அவர்களைத் தள்ளாமல் சுற்றித்தான் போவேன்." மேட்டைத் தாண்டுமட்டும் அவர் சொன்னபடியே விலகிச் சுற்றினார். ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றே எல்லாரையும் எண்ணி முடிக்கப் போதுமாக இருந்தது. அத்தானுக்கு அவர்கள் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

நான் அழுதேன். அடக்கப் பார்க்கவுமில்லை. வயலின் போய்க்கொண்டிருந்தது.

இறங்கியதும் நிவேதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கண்ணைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளும் அழுதாள். அவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பரிசு கொடுத்தவருக்கு அழுகைதான் ரசீது. அந்த இடத்திலேயே என்னைப் படமெடுத்து, தான் எடுத்த வீடியோவையும் சேர்த்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: எரிமலையின் அழகைக் கண்டு அப்பா அழுதுவிட்டார். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் என் மச்சான் மூன்று இதயம் போட்டார். டொரண்டோ கைதட்டியது. லண்டனிலிருந்து ஒரு சித்தி, கர்த்தருடைய படைப்பு மகா அற்புதம் என்று எழுதினா. நாங்கள் கண்ணீருக்குக் காரணம் கேட்டுப் பழகாத சனம். இதயம் போடப் பழகிவிட்டோம்.

ராஜி கந்தோர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இறங்கும்போதே மேலிருந்து கண்டேன், கையில் பையோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிள்ளைகள் தள்ளிப் போனதும் எனக்கு ஒரு ரோல்ஸ் எடுத்துத் தந்தாள்.

"ரெண்டு போத்தல் தேத்தண்ணி எதுக்கெண்டு நினைச்சனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் செய்தனீரோ?"

"ஓம். நிறையைக் குறைச்சுக் குடுத்ததும் தெரிஞ்சுதான்."

"என்னை விட்டிட்டுத் தப்பிப் போட்டீர், என்ன?"

"உங்களுக்குப் பயமெண்டு நீங்கள் எப்ப எனக்குச் சொன்னனீங்கள்?" என்றாள். ரோல்ஸைக் கடித்தேன். உறைப்பு நல்ல கணக்காக இருந்தது.

டென்மார்க் திரும்பி இரண்டு நாள் அக்காவுக்கு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவே எடுத்தா.

"தம்பி, பாத்தியோ?"

"பாத்தன் அக்கா."

"தெரிஞ்சதோ?"

இருபத்தொரு வயதில் எதுவும் தெரியாமல் சொன்ன பொய் அது. இப்போது எல்லாம் தெரிந்துகொண்டு சொல்லவேண்டியிருந்தது. "புகை அக்கா. ஒரே புகை. கீழ ஒண்டும் தெரியேல்லை. நான் அப்ப சொன்னது சரிதான்."

அங்கே ஏதோ காகம் கரைந்தது கேட்டது.

"நிவே வீடியோ போட்டவள்" என்றா பிறகு. "நல்ல வடிவான வீடியோ. வெள்ளைக் கோட்டோட ஒராள் கை காட்டுறார்."

"ஓம் அக்கா."

"நான் நாலஞ்சு தரம் பாத்தனான்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன். "சரியடா தம்பி" என்றா. "புகைதான். நீ சொன்னபடியே இருக்கட்டும். சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன் அக்கா."

அடுத்த கிழமை கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் மஞ்சள் ஹெலி வந்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் வழக்கம்போலப் பலகைத் தட்டுகள் பக்கம் போனேன். ஹென்னிங் கூப்பிட்டார். "இனி உனக்கு என்ன? நீதான் எரிமலைக்கு மேலேயே பறந்தவனாயிற்றே. இங்கே வா!" மற்றவர்களும் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். போனேன். இந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக முற்றத்தின் நடுவில் நின்றேன். மேலே இருப்பவருக்கு என்ன தெரியும் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்: செம்மஞ்சள் மேலங்கி போட்ட அறுபது வயது மனிதர், உச்சியில் மயிர் கொட்டியவர், கால் இரண்டும் ஓடுவதற்கு ஆயத்தமாக நிற்கிறார். ஹென்னிங் கையசைத்தார். நானும் கையை உயர்த்தினேன். சாப்பாட்டு மேசையில் வாய் துடைத்த வெள்ளைக் கடதாசி அந்தக் கையில் இருந்தது. கையைக் கீழே இறக்கி, அதைக் கசக்கி, பொக்கற்றுக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, வெறுங்கையைத்தான் காட்டினேன்.